டிரங்குப் பெட்டியும் நாள்கூலியும்

எங்கள் வீட்டுப் பரண்மேல் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று அம்மா கல்யாணத்துக்கு வந்தது. இன்னொன்று நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டிலும் இப்போது துணிமணி எதுவும் கிடையாது. காகிதம்தான். எலிப்புழுக்கையும் அந்துருண்டை வாசனையும் கலந்த காகிதம்.

1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில், பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கத் திரண்ட எங்கள் சனங்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். அதுக்கப்புறம்தான் இந்தக் காகிதப் பைத்தியம் என்னைப் பிடித்தது. நிலம் எங்களுடையது என்று மேடையில் கத்துகிறோம். எந்த ஊரில், எந்த சர்வே எண், எத்தனை சென்ட் என்று தாசில்தார் திருப்பிக் கேட்டால் முழிக்கிறோம். சரி, இனி முழிக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில்தான். கிராம நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து ‘ஏ’ பதிவேட்டைக் கையால் பார்த்து எழுதினேன். ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள். “பாத்து எழுதிக்கோ வாத்யாரே, அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன்” என்பார்கள். அப்படி எழுதிய நோட்டுகள் மட்டும் பதினான்கு. அப்புறம், 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமைபற்றி எழுதிய அறிக்கையின் நகல். அதையொட்டி 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணையின் நகல். உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள். வன்கொடுமை வழக்குத் தீர்ப்புகள். நின்றுபோன சிறுபத்திரிகைகள். மனுக்கள், மனுக்களுக்கு வந்த பதில்கள், வராத பதில்களுக்கான ரசீதுகள்.

நம்ம சனத்தின் வரலாறு இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் பிழைத்துக் கிடந்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ்களை எந்தப் பல்கலைக்கழகமும் தேடிப்பிடித்துக் காப்பாற்றி வைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் பாதுகாத்து வைத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவர முடிந்தது. இல்லாவிட்டால் பண்டிதர் என்று ஒருத்தர் இருந்ததாகவே பல பேராசிரியர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இப்போதும் சிலர் ஒத்துக்கொள்வதில்லை என்பது வேறு.

எனக்கு அறுபத்தேழு வயசு. இடது கண்ணில் புரை எடுத்தாச்சு, வலது கண்ணுக்குத் தேதி வாங்கணும். ஆய்வு செய்கிறேன் என்று வரும் பிள்ளைகளுக்கு மூலத்தையே தூக்கிக் கொடுத்து, திரும்ப வராமல் போனது நாலைந்து. ஆகவே எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடுவது என்று 2024இல் முடிவு செய்தோம். ஓய்வுபெற்ற நண்பர்கள் ஆறு பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டோம். பழைய லேப்டாப் ஒன்றும் ஸ்கேனர் ஒன்றும் வாங்கி, இணையத்தில் இடத்துக்கும் பணம் கட்டியதுபோக மிச்சம் 32,000 ரூபாய். வேலைக்கு ஆள் வேணும். அரசுக் கல்லூரியில் முதுகலை வரலாறு படிக்கிற பெண் ஒருத்தியை ஒரு தோழர் அனுப்பி வைத்தார். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிறவள். அம்மாவுக்கு நூறுநாள் வேலை, களையெடுப்பு, கிடைக்கிற எதுவும். அப்பா இல்லை.

“மே மாசம் லீவுதானேம்மா. தினம் வந்துடு. கைச்செலவுக்கு மாசம் மூவாயிரம் தரேன்” என்றேன்.

“சரிங்க சார்” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காததை அப்போது நான் பணிவு என்று நினைத்தேன்.

இருபத்தாறு நாள் வந்தாள். காலை ஒன்பதரைக்கு வந்தால் சாயங்காலம் ஐந்தரை. மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு தாளையும் ஈரமில்லாத துணியால் துடைத்து, மடிப்பைப் பிரித்து, ஸ்கேனரில் வைத்து எடுத்து, ஊர்ப் பெயரும் வருடமும் போட்டுச் சேமித்தாள். மொத்தம் 1,900 பக்கம். எதை முதலில் எடுப்பது என்று கேட்டபோது, நான் எழுதிய கட்டுரைகள் வந்த பத்திரிகைகளைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகணும்.

மாசக் கடைசியில், அவளோடு படிக்கிற ஒரு தம்பியை அழைத்து வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தமிழ் முதுகலை. தலித் தன்வரலாறுகளைப்பற்றி ஆய்வு செய்யணும் என்று ஆசைப்படுகிறவர். “சார், நம்ம பண்ணதை இவர் ஒரு தடவ பாக்கட்டும்” என்றாள். பாக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவரும் “பாக்கறேன் சார்” என்றுதான் சொன்னார்.

லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை இறக்கிக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கிய வேலையாம் அது. காசு கிடையாது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும், தமிழும் படிக்கும். காதில் மாட்டிக்கொள்ளாமல் எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்து, எங்கள் கோப்பு ஒன்றைத் திறந்தார். திரமென்ஹீர் அறிக்கை. இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொல்லி நின்றுவிட்டது. காலி ஆவணம்.

அடுத்த கோப்பு. காலி ஆவணம். பதிவேட்டு நோட்டு. காலி ஆவணம். வன்கொடுமைத் தீர்ப்பு. காலி ஆவணம்.

“நீங்க ஏத்தி வெச்சிருக்கறது எழுத்து இல்ல சார், எழுத்தோட போட்டோ. கண்ணு இருக்கறவங்களுக்கு அது பக்கம். எனக்கு அதுல ஒண்ணுமே இல்ல” என்றார் அந்தத் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிப் பழகினவர் மாதிரி சொன்னார்.

தாலுகா ஆபீசில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் இந்த வார்த்தையை. ‘அப்படி ஒரு ரெக்கார்டே இல்லையே’ என்பார்கள். பீரோவுக்குள் இருக்கும், எனக்கு இல்லை. முப்பது வருசம் அதை எதிர்த்து அலைந்தவன், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் பணத்தில், ஒரு தலித் பிள்ளைக்கு அதே பதிலைச் சொல்கிற இயந்திரத்தைச் செய்து வைத்திருக்கிறேன்.

அவர் அதோடு விடவில்லை. தொண்ணூறுகளில் கணிப்பொறியில் அச்சுக்கோத்த எங்கள் பத்திரிகைக் கோப்புகள் சில ஒரு குறுந்தகட்டில் இருந்தன. அது எழுத்துதானே, போட்டோ இல்லையே என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். திறந்தார். குரல் வேகவேகமாகப் படித்தது: எம், கே, செமிகோலன், கே, எச். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் தம்பி சிரித்தார். “சார், இது பாமினி எழுத்துரு. இதுல அம்மான்னு எழுதியிருக்கு” என்றார்.

அது நிஜம்தான். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஆங்கிலச் சாவிகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். பாமினி ஒரு விதம், இன்னொன்று இன்னொரு விதம். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் நிர்ணயித்தது, 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இதற்கு நடுவே எழுதப்பட்டதெல்லாம் அந்தந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. கணிப்பொறிக்குள்ளே ‘அம்மா’ என்ற சொல் ஒருநாளும் இருந்ததில்லை, அம்மா மாதிரி ஒரு படம்தான் இருந்திருக்கிறது. தேடினாலும் கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். மொத்தத்தையும் எழுத்தாக மாற்றணும். அச்சிட்டதை எழுத்துணரி மென்பொருள் ஓரளவு படிக்கும், பிழை திருத்தணும். கையெழுத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்யணும். தலைப்பைத் தலைப்பு என்று, அட்டவணையை அட்டவணை என்று குறிக்கணும். படங்களுக்கு விளக்கம் எழுதணும். தம்பி சொல்லச் சொல்ல அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் உற்சாகமாக, “அதையும் சேத்து முடிச்சுடும்மா. சமுதாயத்துக்காகத்தானே செய்யறோம்” என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“சார், நான் ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே.”

“கேளும்மா.”

“போன வாரம் உங்க கீழ்வெண்மணி கட்டுரைய ஸ்கேன் பண்ணேன். அரைப்படி நெல்லு கூலி சேத்துக் கேட்டதுக்காக 1968ல நாப்பத்து நாலு பேரக் குடிசைக்குள்ள வெச்சுக் கொளுத்துனாங்கன்னு எழுதியிருந்தீங்க. கூலி கேக்கறது மரியாதைய கேக்கறதுன்னு எழுதியிருந்தீங்க. படிச்சிட்டு அழுதேன் சார்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நூறுநாள் வேலைக்கு இந்த வருசம் கவர்மெண்டு நாள்கூலி 319ன்னு போட்டிருக்கு. எங்கம்மா கைக்கு அவ்ளோ வர்றதில்ல, அது வேற. நீங்க குடுத்தது நாளைக்கு 115 ரூபா வருது.”

கணக்குப் போட்டேன். மூவாயிரத்தை இருபத்தாறால் வகுத்தால் 115தான். சில்லறை 38 காசு.

என்ன சொல்வது? மதியச் சாப்பாடு போட்டேனே என்று ஒரு நொடி வாய்வரைக்கும் வந்தது. நல்லவேளை வாயை விட்டு வரவில்லை. பண்ணையில் அதைத்தான் சொல்வார்கள். கூலியைக் குறைத்துவிட்டு, கூழு ஊத்தினோமே என்பார்கள். எங்கள் தாத்தா அந்தக் கூழைக் குடித்தவர்தான். சாவுக்குச் சொல்லப் போறது, செத்த மாட்டைத் தூக்கறது, திருவிழாவுக்குப் பறையடிக்கிறது எல்லாவற்றுக்கும் ‘ஊருக்காகத்தானடா’ என்று பேர். ஊர் என்ற இடத்தில் சமுதாயம் என்று போட்டுக்கொண்டு நானும் வெட்டி வேலை வாங்கியிருக்கிறேன். அதுவும் ஒரு சேரிப் பெண்ணிடம். இயக்கங்களில் இது புதுசில்லை தோழர்களே. போஸ்டர் ஒட்டினது யார், மாநாட்டுக்கு இலை எடுத்தது யார், கையெழுத்துப் பிரதியைப் படியெடுத்தது யார் என்று ஒருநாள் பட்டியல் போட்டுப் பார்க்கணும். நம்மில் பலபேர் பத்திரிகை நடத்தியது வீட்டுப் பெண்களின் தாலிக்கொடியில் என்பதாவது பேசப்பட்டிருக்கிறது. இளசுகளின் உழைப்பைப்பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அவள் வருவாளா என்று பயமாக இருந்தது. வந்தாள். அதே ஒன்பதரைக்கு.

நாளொன்றுக்கு 600 ரூபாய் என்று பேசினோம். செய்துமுடித்த இருபத்தாறு நாளுக்கும் சேர்த்துத்தான். கொடுத்த மூவாயிரம் போக பாக்கி 12,600. கையிலிருந்த 29,000இல் அதைக் கழித்தால் 16,400. அதாவது இருபத்தேழு நாள் வேலைக்குத்தான் காசு இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வேலை நேரம், கூலி, கல்லூரி திறந்த பிறகு சனி, ஞாயிறு மட்டும், இணையத்தில் தொகுத்தவர் என்று என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும். ‘உதவி’ என்று போடக் கூடாது என்றாள். ‘உதவி’ங்கறது தாலுகா ஆபீஸ்ல தர்றதாம். நண்பர்களில் ஒருவர், “இதென்ன முதலாளி, தொழிலாளி மாதிரி” என்று முகம் சுளித்தார். அப்புறம் அவரே ஐயாயிரம் அனுப்பி வைத்தார்.

இருபத்தேழு நாளில் 1,900 பக்கம் முடியாது. எதை விடுவது? இந்தக் கேள்வியை முதல் மாசமே கேட்டிருக்கணும். காசும் உழைப்பும் அளந்து வந்தால்தான் எது முக்கியம் என்ற புத்தி வருகிறது. “சார், உங்க கட்டுரைங்கள அப்புறம் வெச்சுக்கலாம். அத படிக்கறவங்க எப்படியும் உங்ககிட்ட வாங்கிப் படிப்பாங்க. இந்த நெலக் கணக்கதான் ஊர்க்காரன் தேடுவான்” என்றாள். என் கட்டுரைகள் மறுபடி பெட்டிக்குள் போயின. பதிவேட்டு நோட்டு, உண்மை அறியும் அறிக்கை, தீர்ப்பு என்று வரிசை போட்டோம்.

அந்த வேலையை நான் கிட்டே இருந்து பார்த்தேன். எழுத்துணரியில் போட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சில் லை, னை எல்லாம் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா கால் வாங்காமல் சுழிந்திருக்கும். இயந்திரம் தடுமாறும். ரகரத்தையும் காலையும் போட்டுக் குழப்பும். மங்கின அச்சில் புள்ளியைத் தின்றுவிடும். ஒரு பக்கம் அச்சைத் திருத்த இருபது நிமிசம், என் கையெழுத்து ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிசம். பதிவேட்டை அஞ்சு மணிப் பூட்டுக்கு முன்னால் எழுதின கையெழுத்து அல்லவா, எனக்கே படிக்க வரவில்லை. திரமென்ஹீரின் ஆங்கிலம் இயந்திரத்துக்கு எளிதாக இருந்தது. வெள்ளைக்காரனுக்கு அங்கேயும் முன்வரிசை.

பழைய பத்திரிகைகளில் மற்றவர்கள் எழுதியதை மாற்றலாமா, உரிமைப் பிரச்சினை வராதா என்று ஒரு வக்கீல் தோழரைக் கேட்டேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை லாபநோக்கில்லாமல் மாற்ற வழி செய்திருக்கிறார்கள் என்றார். இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகத்திலேயே முதலில் ஏற்புறுதி செய்தது இந்தியாதானாம். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்துவிட்டது. சட்டத்துக்கு நம்ம நாட்டில் என்றைக்குப் பஞ்சம். 1892இலேயே எங்களுக்கு நிலம் சட்டப்படி வந்துவிட்டதே. ஆனாலும் அந்தப் பிரிவு பார்வையற்றவர்கள் முதலானவர்களுக்குத்தான். எல்லாருக்கும் திறந்து வைப்பதென்றால் எழுதியவர்களைக் கேட்கணும். கேட்டோம். உயிரோடிருப்பவர்களில் ஒருத்தர்கூட மறுக்கவில்லை.

படங்களுக்கு விளக்கம் எழுதுவதில்தான் இரண்டு நாள் போனது. ஓர் அறிக்கையில் கொளுத்தப்பட்ட சேரியின் படம் இருந்தது. அவள் ‘எரிந்த குடிசைகள்’ என்று எழுதினாள். அந்தத் தம்பியிடம் வாசிக்கவிட்டபோது கேட்டார். “எத்தன குடிச? ஆளுங்க இருக்காங்களா? செவுரு நிக்குதா?” மறுபடி படத்தைப் பார்த்தோம். நான் அந்தப் படத்தை எத்தனையோ கூட்டத்தில் உயர்த்திக் காட்டியிருக்கிறேன். ஏழு குடிசை. கூரை இல்லை, மண்சுவர் நிற்கிறது. முன்னால் ஒரு கிழவி குந்தியிருக்கிறாள். அவள் கையில் கருகின புத்தகப்பை. பள்ளிக்கூடத்துப் பை. அது புத்தகப்பை என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஏதோ துணிமூட்டை என்று இருந்துவிட்டேன். பார்க்காதவருக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் பார்த்தவன் பார்க்காதது தெரிகிறது.

அடுத்து வந்தது இதைவிடக் கடினம். தொண்ணூறுகளில் வந்த ஓர் உண்மை அறியும் அறிக்கையில், தாக்குதலின்போது வன்புணர்வுக்கு ஆளான மூன்று பெண்களின் வாக்குமூலம் இருக்கிறது. பெயர், வயது, கணவர் பெயர், தெரு எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் போட்டோம். பெயர் போடாவிட்டால் பொய் என்பார்கள் என்ற பயம். ஐந்நூறு பிரதி அச்சடித்தோம். அவள் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

“சார், இத எழுத்தா மாத்தி ஏத்துனா, அந்த ஊர்ப் பேரத் தட்டுனா இவங்க பேரு வரும். இவங்க பேரனே தட்டுவான்.”

நாங்கள் இதுவரை எழுத்து படமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டோம். படமாக இருந்தவரை தேடலில் சிக்காமல் அந்தப் பெண்கள் தப்பித்திருந்தார்கள். எல்லாருக்கும் திறந்துவைப்பது என்றால் தாக்கினவன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் திறக்கிறோம். சட்டமும் அப்படிப் பெயர் போடக் கூடாது என்றுதான் சொல்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவரே எழுத்துமூலம் சம்மதித்தால் தடை இல்லை. எடுத்துவிடலாம் என்றேன் நான். “அவங்கள கேக்காம போட்டீங்க, இப்ப அவங்கள கேக்காம எடுக்கறீங்களா?” என்றாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். ஒருவர் செத்துப்போயிருந்தார். அவர் பெயரை எடுத்துவிடுவது என்று நாங்களே முடிவு செய்தோம். இன்னொருவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, “பேத்திக்கு வரன் பாக்கறோம்பா. அதெல்லாம் வேணாம்” என்றார். மூன்றாமவர் கூரைக்கு முன்னால் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னோம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவளைப் பார்த்துச் சொன்னார்: “எம் பேரப் போடும்மா. அவனுங்க பேரும் இருக்கில்ல, அதுக்கு எதிர்ல போடு.” எழுதி எடுத்துப்போன தாளை வாசித்துக் காட்டினாள். கைநாட்டு வைத்தார். எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை. அவள் பேசினாள். என்னோடு ஒரு ஆம்பளை வாத்தியாராகப் போயிருந்தால் அந்தத் தாளில் கைநாட்டு விழுந்திருக்காது.

திரும்பி வரும்போது அதே அறிக்கையில் ‘மானபங்கம்’ என்று இருக்கிற வார்த்தையை மாற்றணும் என்றாள். “மானம் போனது அவனுங்களுக்கு. இவங்களுக்கு ஏன் சார் போவுது?” வாஸ்தவம்தான். ஆனால் ஆவணத்தில் கைவைக்கக் கூடாது, அன்றைக்கு நாம் எப்படி எழுதினோம் என்பதும் சாட்சிதான் என்று நான் சொன்னேன். மேல்மருவத்தூர் வரைக்கும் சண்டை. கடைசியில் மூலம் அப்படியே இருக்கும், கீழே இருவர் பெயரிலும் ஒரு குறிப்பு வரும் என்று சமாதானம் ஆனோம். குறிப்பை அவள்தான் எழுதினாள். நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் ஆகியிருக்கும், அவள் நாலே வரியில் முடித்தாள்.

இருபத்தேழு நாள் என்றது நாற்பத்தொன்றாக நீண்டது. கூடுதல் நாளுக்கு நண்பர் அனுப்பியதும் என் ஓய்வூதியமும். 1,900 பக்கத்தில் 410 பக்கம்தான் முழுசாக எழுத்தாகி ஏறியிருக்கிறது. மிச்சம் படமாகவே கிடக்கிறது. ஏறினவரைக்கும் அந்தத் தம்பி உட்கார்ந்து கேட்டுச் சரிபார்த்தார். அதுக்கும் கூலி உண்டு. அதை அவள் நினைவூட்டுவதற்கு முன்னால் நானே எடுத்து வைத்தேன்.

போன டிசம்பரில் பதிவேட்டு அட்டவணைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் அட்டவணையைச் சரியாகக் குறிக்காததால் சர்வே எண்ணும் ஏக்கரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உளறியது. அவள் திருத்தின பிறகு ஒழுங்காகச் சொன்னது: சர்வே எண், பெயர், ஏக்கர், சென்ட். ஒரு ஊரின் டி.சி. நிலக் கணக்கு. பத்தொன்பது வரி. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், “சார், மொத்தம்னு 42 ஏக்கர் 15 சென்ட் சொல்லுது. கூட்டுனா 38 ஏக்கர் 75தான் வருது” என்றார்.

“தட்டச்சுப் பிழையா இருக்கும்” என்றேன். அவள் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். தட்டச்சு சரி. 1995இல் நான் எழுதினதிலேயே அப்படித்தான் இருக்கிறது. மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் காணோம். அஞ்சு மணிப் பூட்டு அவசரத்தில் ஒரு வரியை நான் விட்டேனா, இல்லை அந்தப் பதிவேட்டிலேயே ஒரு வரி இல்லாமல் மொத்தம் மட்டும் பழசாக நின்றிருந்ததா? அந்தக் கணக்கை நான் எத்தனை கூட்டத்தில் படித்திருக்கிறேன், எத்தனை மனுவில் ஒட்டியிருக்கிறேன். முப்பது வருசத்தில் ஒரு தடவையும் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஊரின் பழைய ‘ஏ’ பதிவேட்டு நகலையும், எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். பதிவுக்குப் பிந்தின நகலையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். மனுதாரர் இடத்தில் அவள் பெயர். முப்பது நாளில் பதில் வரணும். ‘குறிப்பிட்ட ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று வந்தது. மேல்முறையீட்டுக்கான தாளை அந்தத் தம்பி சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். நான் தபால் ரசீதைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.